ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும்

பல மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் நோயாளியின் காய்ச்சல், நாடி, மூச்சு ஆகியவற்றைக் குறிக்கும் டிபிஆர் சார்ட்டைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். காய்ச்சல் ஏறி இறங்கியிருக்கும், நாடித்துடிப்பும் வேளைக்கு வேளை மாறியிருக்கும். மூச்சு எண்ணிக்கைக்கான கட்டத்தில் மட்டும் காலையில் 20, மதியம் 20, இரவிலும் 20 என்றே இருக்கும். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே 20தான். யாரும் எண்ணவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையும் இல்லை. ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் 2008இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை, மூச்சு வீதத்தைப் புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி என்று தலைப்பிலேயே சொன்னது. செவிலியக் கல்லூரிகள் உடல் பரிசோதனை என்ற பெயரில் கற்றுத்தரும் நீண்ட பட்டியலைச் சுருக்க வேண்டும். மூச்சு எண்ணுவது போன்ற அடிப்படைத் திறன்கள் சிலவற்றை நோயாளியின் கட்டிலருகே பிழையின்றிச் செய்துகாட்டாத எவருக்கும் பட்டம் தரக் கூடாது. என் வாதம் இதுதான்.

மூச்சுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? உடலுக்குள் கிருமித்தொற்று பரவினாலும், ரத்தம் கசிந்தாலும், ரத்தத்தில் அமிலம் கூடினாலும், உடல் முதலில் செய்யும் ஈடுகட்டல்களில் ஒன்று வேகமாக மூச்சுவிடுவது. ரத்த அழுத்தம் அதுவரை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். அது சரியும்போது நோயாளி நெடுந்தூரம் போயிருப்பார். மயாமி நகர மருத்துவமனை ஒன்றில் இதயம் நின்றுபோன 64 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 1990இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 84 விழுக்காட்டினருக்கு, அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்துக்குள்ளேயே நிலைமை மோசமாகி வந்ததற்கான குறிப்புகளோ புதிய தொந்தரவுகளோ பதிவாகியிருந்தன. திடீரென்று போய்விட்டார் என்று உறவினர்களிடம் சொல்லப்படும் மரணங்களில் பல திடீர் மரணங்கள் இல்லை என்பதையே இது காட்டுகிறது. நிமிடத்துக்கு 27க்கு மேல் போகும் மூச்சு, இதயம் நிற்கப்போவதற்கான வலுவான முன்னறிகுறி என்று 1993இல் இன்னோர் ஆய்வு கண்டது. பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25ஐத் தொட்டால் அந்த ஒரு குறிக்கே உச்ச மதிப்பெண்ணான 3 கிடைக்கும். மற்ற எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் நோயாளியை அவசரமாகப் பார்த்தாக வேண்டும். சார்ட்டில் கண்ணை மூடிக்கொண்டு 20 என்று எழுதினால் அந்த முறையே செத்துப்போகிறது.

எண்ணும் முறையிலும் நுணுக்கம் உண்டு. மூச்சை எண்ணப்போகிறேன் என்று சொல்லிவிட்டால் நோயாளியின் மூச்சு தானாகவே மாறிவிடும். அதனால் நாடி பிடித்து முடித்த பிறகும் விரல்களை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு, போர்வையைச் சற்று விலக்கி, நெஞ்சும் வயிறும் எழுந்து தாழ்வதைக் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது வழக்கமாகிவிட்டது. அதில் ஒரு மூச்சு தவறினால் விடையில் நான்கு தவறும். 22க்கும் 26க்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான். குழந்தைகளிடம் இது இன்னும் கறாராக வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமூச்சு என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை. இருமலோடு வரும் குழந்தைக்கு நிமோனியா இருக்குமோ என்று சந்தேகிக்க வைப்பது இந்த எண். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இதற்குத் தேவை நொடிமுள் உள்ள ஒரு கடிகாரமும் பொறுமையும் மட்டுமே.

இதற்கெல்லாம் கருவிகள் வந்துவிட்டனவே என்பது முதல் ஆட்சேபம். வந்திருக்கின்றன, வேண்டியவையும்கூட. ஆனால் சாதாரண வார்டுகளில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பொதுவாக மூச்சை எண்ணிச் சொல்வதில்லை. ஆக்சிஜன் வைத்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 32 முறை திணறிக்கொண்டிருந்தாலும் திரையில் 97 என்றே காட்டக்கூடும். இந்தக் கருவி எல்லாத் தோல் நிறங்களிலும் ஒரே மாதிரி வேலை செய்வதும் இல்லை. ரத்தத்தில் உண்மையில் குறைந்திருக்கும் ஆக்சிஜன் கருவியின் கண்ணுக்குத் தப்புவது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கண்டது. கறுத்த மேனி நிறைந்த நம் வார்டுகளுக்கு இது வேற்று நாட்டுச் செய்தி இல்லை. பிபி கருவியும் அப்படியே. மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருத்த கையில் வழக்கமான பட்டையைக் கட்டினால் மேல் அழுத்தம் சராசரியாக 19.5 புள்ளி கூட்டிக் காட்டுகிறது என்று 2023இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. எந்த எண்ணை எப்போது நம்பக் கூடாது என்பதைக் கருவி சொல்லாது, கற்ற கண்தான் சொல்லும். ரத்தசோகையில் தோல் வெளிறும் என்று பாடநூலில் படித்த மாணவி, மாநிறப் பெண்ணின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்தையும், நாக்கையும், உள்ளங்கையையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு.

பாடத்திட்டத்தைக் குறைசொல்ல முடியாது. இந்திய செவிலியர் மன்றம் திருத்தியமைத்து 2021இல் அரசிதழில் வெளியான பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில், இரண்டாம் பருவத்திலேயே உடல்நல மதிப்பீடு தனிப் பகுதியாக இருக்கிறது. நல்ல முடிவு. ஆனால் தலையிலிருந்து கால்வரை எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் கற்பித்து, ரெக்கார்டு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கியதோடு அது முடிந்துவிடக் கூடாது. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கும் மேற்பட்ட பரிசோதனை உத்திகளில் ஏறத்தாழ முப்பதைத்தான் அவர்கள் வழக்கமாகச் செய்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த முப்பதை நம் வார்டுகளுக்கு ஏற்பத் தெரிந்தெடுத்து, ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் பழக்குவதே அறிவு. செய்முறைத் தேர்வையும் மாற்ற வேண்டும். ஒரே நோயாளியை மாணவரும் தேர்வாளரும் ஒரே நிமிடத்தில் தனித்தனியே எண்ணட்டும். இரண்டு மூச்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி பழகி வரட்டும். டம்மியின் மீது செய்துகாட்டி வாங்கும் மதிப்பெண் இதற்கு ஈடாகாது.

நாற்பது நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் இருக்கும் ஷிப்டில் யார் ஒரு முழு நிமிடம் எண்ணுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்று ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆட்களை நியமிக்காமல் திறனை மட்டும் கேட்பது அநீதி. ஆயினும், எண்ணாமல் எழுதும் 20 அந்த ஆள்பற்றாக்குறையையே மறைத்துவிடுகிறது. எண்ண முடியாத வேளையில் கட்டத்தைக் காலியாக விடுவது நேர்மை, நிர்வாகத்துக்கு அது ஒரு சான்றும் ஆகும். இன்னொன்று, நாற்பது பேரில் யாரிடம் முதலில் ஓட வேண்டும் என்பதை முடிவுசெய்யவும் இந்த எண்தான் வேண்டும்.

கண்டறிவது டாக்டரின் வேலை, நர்ஸ் எல்லை மீறலாமா என்ற தயக்கமே எல்லாவற்றிலும் ஆழமானது. நோய்க்குப் பெயர் சூட்டச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவுப் பிரசவத்துக்குப் பின் தாயின் அருகில் இருப்பது பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்தான். கருப்பை கல்போல இறுகியிருக்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா என்று அவர் கைதான் அறியும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ரத்தப்போக்கைக் கண்மதிப்பாக விடாமல் அளவுக் கோடிட்ட விரிப்பில் அளந்தபோது அதிக ரத்தப்போக்கு ஏற்பட்டவர்களில் 93 விழுக்காடு பேருக்கு அது கண்டறியப்பட்டது. வழக்கமான முறையில் கண்டறிந்தது 51 விழுக்காடு மட்டுமே. அளந்ததோடு உடனடிச் சிகிச்சைகளையும் சேர்த்துச் செய்ததில் கடும் விளைவுகள் 60 விழுக்காடு குறைந்தன. அளந்த எண் கையில் இருந்தால் தொலைபேசிப் பேச்சும் மாறுகிறது. "சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்காங்க" என்பதற்குப் பதில், "மூச்சு 28, நாடி 118, பிபி 100க்கு 70, அரை மணிக்கு முன்னால் மூச்சு 20, நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று சொன்னால் டியூட்டி டாக்டரால் தட்டிக்கழிக்க முடியாது. இப்படிப் பேசுவதும் மாணவப் பருவத்திலேயே பழக்க வேண்டிய திறன். மூச்சு 25ஐத் தொட்டால் டாக்டரை அழைக்கச் செவிலியருக்கு அதிகாரம் உண்டு என்று ஒவ்வொரு மருத்துவமனையும் எழுத்தில் உத்தரவு தர வேண்டும். அழைத்த நேரமும் டாக்டர் வந்த நேரமும் கேஸ் ஷீட்டில் அடுத்தடுத்துப் பதிவாக வேண்டும்.