ஆயாவின் வளையலும் நம் வீட்டு ஒழுங்கும்

சென்ற ஆண்டு என் தாயார் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தபோது, நம்மவர்கள் பலரையும் போல நானும் ஓர் ஆயா சென்டர் வாசலில் போய் நின்றேன். லேக் மார்க்கெட் பக்கம் வசிக்கும் நமக்கு இது புதிதல்ல. பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, நம் முதியவர்களைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, ஊட்டி விடுகிறவர்கள் கானிங், லட்சுமிகாந்தபூர் ரயில்களில் விடியற்காலையில் வந்து இறங்கும் இந்தப் பெண்கள்தாம். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஒருவர். பிறகு விடியும் வரை இன்னொருவர்.

மூன்றாம் நாள் அம்மாவின் கையில் இரத்தக் கீறல். வயதானவர்களின் தோல் காகிதம் போல மெலிந்திருக்கும். புரட்டிப் படுக்க வைக்கையில் ஆயாவின் வளையல் உரசியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில், "நாளை முதல் வெறுங்கையோடு வருவதானால் வா, இல்லையேல் வராதே" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் பதில் பேசாமல் கண் கலங்கி நின்றாள். அம்மாதான் பேசினாள்: "ஏண்டா, உங்கப்பா இருக்கறச்சே யாராவது என் தாலியைக் கழட்டச் சொல்லியிருந்தா நீ பாத்துண்டு இருந்திருப்பியா?"

இத்தனை ஆண்டுகள் வங்காளத்தில் வாழ்ந்தும் எனக்கு அது தோன்றவில்லை. சங்கில் செய்த ஷாங்கா, சிவப்புப் போலா, இரும்புக் காப்பான நோவா மூன்றும் இங்கே சுமங்கலியின் அடையாளங்கள். மறுநாள் அவளே வழி கண்டாள். வளையல்களைக் கூடியவரை மேலே ஏற்றி, மெல்லிய துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள். கை கழுவும்போதெல்லாம் துணியை மாற்றினாள். பிறகு கீறல் விழவில்லை.

தோற்றத்துக்கும் நடத்தைக்கும் விதிகள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் ஒவ்வொரு விதியைப் பற்றியும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: இது நோயாளிக்காகவா, நம் கௌரவத்துக்காகவா? ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய செவிலியர் குறிப்புகளில், சரசரக்கும் உடை நோயாளியை வருத்தும் என்று கண்டித்தார். உடை அழகைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டு கைச் சுத்த வழிகாட்டுதலும் அப்படித்தான்: நகம் அரை சென்டிமீட்டருக்கு மேல் வளரலாகாது, சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி ஆக வேண்டும். இதோடு முடியை முடிந்துகொள்வது, ரயிலில் வந்த புடவையை மாற்றிக்கொள்வது, ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் செல்போனைத் தொடாமலிருப்பது, ஒரு வீட்டுச் சேதியை மறுவீட்டில் சொல்லாதிருப்பது ஆகியவற்றையும் தயங்காமல் கேட்கலாம். எல்லாம் நோயாளிக்காக.

வெள்ளை உடையை மட்டும் கண்டு மயங்க வேண்டாம். மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு பெற்றவரே நர்ஸ். சீருடை போட்டு வந்துவிட்டார் என்பதற்காக ஆயாவை ஊசி போடச் சொல்வது அவருக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து.

இனி நம் பக்கம். உடை மாற்றிக்கொள்ள ஒரு மறைவிடம் தராமல் புடவையை மாற்று என்றால் அவள் எங்கே போவாள்? பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, நம் குளியலறையைப் பயன்படுத்தக் கூடாது என்கிற வீடுகள் நம்மவர்களிடையே இல்லையென்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? வேலை கிடைக்காதோ என்று அஞ்சி, முஸ்லிம் பெண்கள் சிலர் இந்துப் பெயர் சொல்லிக்கொண்டு வருவதும் இந்நகரில் பலரும் அறிந்ததே. முதல் நாளே பொய் சொல்ல வைத்துவிட்டு, அவளிடம் நேர்மையை எதிர்பார்க்கிறோம்.

"இத்தனை இடம் கொடுத்தால் தலைமேல் ஏறிக்கொள்வார்கள்" என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். அவருக்கு என் பதில்: பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டையும் பணியிடம் என்றே சொல்கிறது. நமக்கு வீடு, அவளுக்கு அது வேலை செய்யும் இடம். அங்கே ஒழுங்கு இருதரப்புக்கும் உண்டு.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தமிழிலும் வங்காளத்திலும் ஒரே ஒரு தாள் அச்சிட்டுத் தாருங்கள். ஒரு பக்கம் ஆயா கடைப்பிடிக்க வேண்டியவை, மறுபக்கம் வீட்டார் கடைப்பிடிக்க வேண்டியவை. முதல் நாள் காலையில் இருவரும் சேர்ந்து படித்துக்கொள்ளட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வீட்டிலுள்ளவர் படித்துக் காட்டட்டும்.

அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு பால்கனி வரை நடக்கிறாள். பக்கத்தில் அந்தப் பெண்தான் துணை. நான் அன்று பேசியதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. தாளின் மறுபக்கத்தில் அதையும் ஒரு விதியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: தவறு நம்முடையதானால் அன்றே சொல்லிவிட வேண்டும்.