தள்ளிக்கொண்டு போன தூரம்

மோட்டார் சைக்கிளில் தனியாக நெடுந்தூரம் போய்வந்தவர்கள் எழுதுகிற பயணக் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவன் நான். எல்லாக் கட்டுரையும் நெடுஞ்சாலையில்தான் தொடங்குகிறது. விடியற்காலைப் பனி, காலியான ரோடு, முகத்தில் அடிக்கிற காற்று, விடுதலை. வீட்டு வாசலிலிருந்து அந்த நெடுஞ்சாலைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று ஒருவரும் எழுதுவதில்லை. எழுத அங்கே ஒன்றும் நடந்திருக்காது. சாவியைத் திருகியிருப்பார்கள், வந்திருப்பார்கள்.

என் பயணத்தின் முதல் நாளில் எழுதுவதற்கு இருப்பதே அந்தத் தூரம்தான்.

விழுப்புரத்துக்குத் தெற்கே, தார்ரோட்டை விட்டு உள்ளடங்கின கிராமம் எங்களுடையது. காலனி கடைசியில் இருக்கிறது. காலனியிலிருந்து தார்ரோட்டுக்கு வர ஊர்த்தெருவைத்தான் தாண்டவேண்டும். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். இன்னொரு வழி ஏரிக்கரை, மழை பெய்தால் மாடே வழுக்கும். நான் கிளம்பியது அக்டோபர் மாசம், நாகபுரிக்கு. 1956 அக்டோபர் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவிய தீட்சாபூமியைப் பார்க்க ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல், தன்னந்தனியாக, மூன்று கை மாறி என்னிடம் வந்த பழைய புல்லட்டில்.

மணி நாலு. பையைக் கட்டிவிட்டுக் கிக்கரில் காலை வைத்தேன். எங்கம்மா ஓடியாந்து ஹேண்டில்பாரைப் புடிச்சிக்கிச்சு.

"இங்க ஸ்டார்ட் பண்ணாதடா. ரோட்டு வரைக்கும் தள்ளிக்கினு போ."

"ஏம்மா?"

"தூங்கறவங்கள எதுக்கு எழுப்பற. போற காரியம் நல்லபடியா ஆவட்டும். வந்தப்பறம் பேசிக்கலாம்."

எங்கம்மா பயந்தது ஊர்க்காரர்களின் தூக்கம் கெடுமே என்றல்ல. அவர்கள் விழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் பன்னிரண்டு தலித்துகளைக் கொன்றபோது எங்கம்மா சின்னப்பொண்ணு. கடைத்தெருவில் தொடங்கின தகராறு கொலையில் முடிந்தது என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் அதைச் சொன்னதில்லை.

நான் தள்ளினேன். இதை எழுதக் கை கூசுகிறது. மேடைகளில் சாதி ஒழிப்பைப் பேசியவன், இந்த மாதிரிப் பத்திரிகைகளில் கலகம் என்ற வார்த்தையைக் கணக்கில்லாமல் எழுதியவன், விடியற்காலை இருட்டில் என் சொந்த வண்டியை, நான் சம்பாதித்துக் கட்டிய பணத்தில் வாங்கிய வண்டியை, நியூட்ரலில் போட்டுத் திருடனைப்போலத் தள்ளிக்கொண்டு போனேன். நாய்கள் குரைத்தன. ஒரு வாசலில் லைட் எரிந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

எங்க நைனா சைக்கிள் வைத்திருந்தது. ஊர்த்தெரு முனை வந்ததும் இறங்கும். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டும். தெரு முடிகிற வரைக்கும் தள்ளிக்கொண்டு நடக்கும். அப்புறம் செருப்பைப் போட்டு ஏறி மிதிக்கும். சின்ன வயசில் கேரியரில் உட்கார்ந்து போன நான், சைக்கிள் என்றாலே பாதித் தூரம் ஓட்டுவது பாதித் தூரம் தள்ளுவது என்றுதான் நினைத்திருந்தேன். நைனா தள்ளின சைக்கிள் இருபது கிலோ. நான் தள்ளின புல்லட் இருநூறு கிலோவுக்குக் கிட்டே. இத்தனை வருஷத்தில் நாங்கள் கண்ட முன்னேற்றம் இந்த நூற்றெண்பது கிலோ.

"இதெல்லாம் அந்தக் காலம். இப்ப யார் சார் பார்க்கிறா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஆட்களிலேயே, டவுனில் வீடு கட்டிக் குடியேறியவர்களிலேயே இருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் கல்லூரியில் படிக்கிற தலித் பையனின் கைகளை வெட்டினார்கள். அவன் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மூன்று பேரைப் போலீஸ் கைது செய்தது. கவனியுங்கள், வெட்டியது கைகளை. ஆக்சிலேட்டரைத் திருகுகிற, கிளட்சைப் பிடிக்கிற கைகளை.

1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது, சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்று நீண்ட பட்டியல் அது. 1931 ஜூனில் அது பதினொன்றானது. ஜே.எச். ஹட்டன் தன் புத்தகத்தில் பதிந்து வைத்திருக்கிறார். அந்தப் பட்டியல் காலாவதி ஆகவில்லை, சாமான்தான் மாறியிருக்கிறது. அன்றைக்குக் குடை, செருப்பு. இன்றைக்குப் புல்லட்.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கட்டும். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-இல் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26 முதல் அந்தத் திருத்தம் நடப்பில் இருக்கிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புதுத்துணியோ அணிவதை, கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. இந்திய நாடாளுமன்றம் உட்கார்ந்து 'மோட்டார் சைக்கிள்' என்ற சொல்லைத் தேடிப் போட்டிருக்கிறது. சும்மாவா போட்டார்கள்? சாலையில் எவருக்கும் தடை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்லியிருந்தும் போதவில்லை என்பதால்தானே?

தார்ரோட்டுக்கு வந்து கிக்கரை உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. சந்தோஷமாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். சத்தம் எனக்கே அதிகமாகப் பட்டது.

விழுப்புரம் தாண்டி வடக்கே திரும்பினால் நாலுவழிச் சாலை. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை, அப்புறம் விக்கிரவாண்டி. இதே ரோட்டைத்தான் 1987 செப்டம்பரில் மரம் வெட்டிப்போட்டு ஒரு வாரம் மறித்தார்கள். வன்னியர் சங்கம் கேட்டது இடஒதுக்கீடு. இருபத்தொரு உயிர் போனது. அந்த வீட்டுத் துக்கம் எனக்கும் துக்கம்தான். ஆனால் அந்த வாரத்தில் எங்கள் குடிசைகள் எரிந்த கதையை யாரும் அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. ரோட்டை மறிப்பது ஒருத்தருக்கு உரிமைப் போராட்டம். அதே ரோட்டில் போவதற்கே இன்னொருத்தருக்கு அனுமதி வேண்டியிருக்கிறது.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் டூவீலருக்குக் கட்டணம் கிடையாது. ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். குடிக்கும்போது 1901-ஆம் வருஷம் ஞாபகம் வந்தது. கோரேகாவில் இருந்த அப்பாவைப் பார்க்கச் சிறுவன் பீமராவ் அண்ணனோடு கிளம்பிய முதல் நெடும்பயணம். மசூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். மகார் என்று தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரன் ஏற்ற மறுத்தான். இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட, வண்டிக்காரன் கூடவே நடந்து வந்தான். ராத்திரி ஒரு சுங்கச்சாவடி. தண்ணீர் கேட்டார்கள், கொடுக்கவில்லை. கையில் சோறு இருந்தும் தண்ணீர் இல்லாமல் பட்டினியோடு படுத்தார்கள்.

1929-இல் சாலிஸ்கானில் இன்னொரு பயணம். அப்போது அவர் பாரிஸ்டர், அரசாங்கக் குழு உறுப்பினர். அவரை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது தங்கள் மரியாதைக்குக் குறைவு என்று குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் சிக்கிக் கீழே எறியப்பட்டு அண்ணலின் கால் உடைந்தது. வண்டியை நம் கையால் ஓட்டுவதற்கு இத்தனை வரலாறு இருக்கிறது. 'ஊர்சுற்றி மனசு', 'தன்னைத் தேடும் பயணம்' என்றெல்லாம் எழுதுகிறீர்களே, எங்களுக்கு எங்களைத் தேடவேண்டிய அவசியமே இல்லை. எங்கே போனாலும் நாங்கள் யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல ஆள் நிற்கிறது.

திண்டிவனத்தில் நின்றது. டீக்கடையில் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். பேப்பர் கப் வந்ததிலிருந்து இரட்டைக் குவளையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாமல் போய்விட்டது. எல்லோருக்கும் ஒரே கப், எல்லோரும் தூக்கி எறிகிற கப். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் வண்டியை ரசித்துப் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"அந்த ஊரா! நம்ம சம்பந்தி ஊர்தான். ஊர்ல எந்தப் பக்கம்?"

"காலனிங்க."

அவர் முகத்தில் கோபமெல்லாம் வரவில்லை. இன்னொரு தடவை புல்லட்டைப் பார்த்தார்.

"வண்டி யாருதுப்பா?"

'தம்பிக்கு' போய் 'ப்பா' வந்ததற்கு நடுவில் இரண்டே கேள்விதான். இந்தக் கேள்வியை எனக்கு முன்னால் கேட்டு அடிபட்டவர்கள் இந்தத் திண்டிவனத்தைச் சுற்றி இருக்கிற இருளர்கள். அவர்கள் கையில் எந்தப் பொருள் இருந்தாலும் எங்கே திருடினது என்பதுதான் போலீசின் முதல் கேள்வி. பேராசிரியர் பிரபா கல்விமணி இதே ஊரில் இருந்துகொண்டு பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் கட்டி வழக்கு வழக்காக நடத்தியதெல்லாம் அந்தக் கேள்விக்கு எதிராகத்தான். பெரியவர் என்னை அடிக்கவில்லை. கேட்டார், அவ்வளவுதான். "என்னுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த 'ங்க'வை நான் ஏன் போட்டேன் என்று மதுராந்தகம் வரைக்கும் யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம்தான் ரெட்டமலை சீனிவாசன் பிறந்த ஊர். பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லாவற்றிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் புழங்கலாம் என்று சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது 1924-இல். அதற்காகப் போராடியவர்களில் அவர் ஒருவர். அந்தத் தீர்மானத்துக்கு நூறு வயசு முடிந்துவிட்டது. நூறு வருஷம் கழித்தும் நான் தள்ளிக்கொண்டுதான் வந்தேன்.

நம் தோழர்கள் சிலர் வேறு மாதிரி கேட்பார்கள். "புல்லட்டில் விடுதலை வருமா? இது நுகர்வுக் கலாச்சாரம் இல்லையா?" வராது தோழரே. செருப்பிலும் வரவில்லை, குடையிலும் வரவில்லை. ஆனால் அவை தடுக்கப்பட்டபோது நம் தாத்தாக்கள் போட்டார்கள், பிடித்தார்கள், அடிபட்டார்கள். எதை நமக்கு மறுக்கிறானோ அதில்தான் அவனுடைய அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு எதிராகவே இன்னொன்றும் சொல்லவேண்டும். தனியாகப் போக முடிந்தது, நான் ஆம்பளை என்பதால். என் தங்கச்சி டவுனில் நர்ஸ் வேலை பார்க்கிறது. தன் ஸ்கூட்டியைத் தார்ரோட்டுக் கடையிலேயே நிறுத்திவிட்டு இருட்டில் காலனிக்கு நடந்து வரும். ஊரும் தடுக்கிறது, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு வண்டி என்று நம் காலனியும் தடுக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பாராட்டிக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். தங்கச்சி நடந்து வருவதைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை.

ராத்திரி நெல்லூரில் தங்கினேன். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிருந்தேன். லாட்ஜில் பேரைக் கேட்டான். சொன்னேன். "இண்டிபேரு?" என்றான். ஆந்திராவில் அந்தக் குடும்பப் பேரிலேயே பெரும்பாலும் சாதி தெரிந்துவிடும். நைனா பேரின் முதலெழுத்தைச் சொன்னேன். சாவியைக் கொடுத்தான். அவன் ரிஜிஸ்டருக்காகக் கேட்டானா, சாதிக்காகக் கேட்டானா? தெரியாது. அவன் யோக்கியனாகவே இருக்கலாம். அப்படி நம்பித் தூங்குகிற வசதி எனக்கு இல்லை.

எங்கம்மா போன் பண்ணுச்சு. சாப்ட்டியா என்று கேட்கவில்லை. "யாரும் ஒண்ணும் கேக்கலியே?" என்றுதான் கேட்டது.

"இல்லம்மா. திரும்பி வரும்போது பகல்ல வர்றேன். வாசல் வரைக்கும் ஓட்டிக்கினுதான் வருவேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "தனியா வராத. நம்ம பசங்கள ரோட்டாண்ட வந்து நிக்கச் சொல்றேன். எல்லாருமா வாங்க" என்றது.

நான் படித்த பயணக் கட்டுரை எதிலும் இல்லாத பாடம் இது. தனியாகப் போவதை வீரம் என்கிறார்கள். பின்னால் ஒரு ஊரே நிற்கிறவனுக்குத்தான் அது வீரம். இருபது கிலோ சைக்கிளையும் இருநூறு கிலோ புல்லட்டையும் எங்களைத் தள்ள வைத்தது நாங்கள் ஒவ்வொருத்தராகப் போனதுதான். காலனியில் இப்போது ஐம்பது வண்டிக்கு மேல் இருக்கிறது. இதைப் படிக்கிற நண்பர்கள் தங்கள் காலனியில் எத்தனை வண்டி என்று எண்ணிப் பாருங்கள். அதில் எத்தனை ஊர்த்தெருவில் தள்ளப்படுகிறது என்றும் எண்ணுங்கள். பிறகு ஒரு நாள் குறியுங்கள். பகலில், எல்லோருமாக, பெண்கள் முன்னால். ஸ்டார்ட் பண்ணுவது அவரவர் வாசலில்.