சுமப்பது வேறு, தூக்குவது வேறு

எங்கள் வீட்டில் ‘கிளீன்’ என்ற சொல் பெண்களுக்கு மட்டுமே உரியது. அடுப்படியைக் கிளீன் பண்ணு, கக்கூஸைக் கிளீன் பண்ணு. பளு தூக்குதலிலும் அதே பெயரில் ஒரு முறை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தபோது வயது முப்பத்தெட்டு.

சங்கரன்கோவிலில் ஓர் உடற்பயிற்சிக் கூடம். பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில் என் கையில் இரண்டு கிலோ டம்பெல்லைக் கொடுத்தார்கள். மூலையில் கிடந்த நீளக் கம்பியைக் காட்டிக் கேட்டேன். “அது வேண்டாம்க்கா, ஆம்பளைங்களுக்கே கஷ்டம்” என்றார் பயிற்சி தரும் தம்பி. வீட்டில் சொன்னதும் அத்தை பதறினார்: “ஏட்டி, கர்ப்பப்பை எறங்கிரும்.”

ஒரு பெரிய பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் பிடித்தால் ஏறக்குறைய 15 கிலோ. போட்டிகளில் பெண்களுக்கான வெறும் கம்பியின் எடையும் 15 கிலோதான். பிள்ளை பெற்ற இரண்டாம் மாதம் அந்த எடையை ஒரு பக்க இடுப்பில் ஏற்றி மாடிப்படி ஏறினேன். அன்று என் கர்ப்பப்பை யார் நினைவுக்கும் வரவில்லை. எப்படித் தூக்கினால் உடம்பு கெடாது என்று சொல்லித் தரவும் ஆளில்லை.

கிளீன் என்பது என்ன? தரையில் கிடக்கும் கம்பியை இடையில் எங்கும் தங்கவிடாமல் ஒரே இழுப்பில் தோளுக்குக் கொண்டுவருவது. நம் ஊர் இளவட்டக்கல்லைத் தொடையில் ஏற்றி, மார்போடு அணைத்து, பிறகு தோளில் வைப்பார்கள். இதில் அந்தத் தாங்கல் கிடையாது. பாதம் தரையைத் தள்ளும். இடுப்பு சட்டென்று நிமிரும். அந்த வேகத்தில் கம்பி மேலேறும் கணத்தில் நாம் அதன் அடியில் குந்தி, முழங்கையை முன்னே திருப்பி, முன்தோளில் ஏந்தி எழ வேண்டும். கை வெறும் கயிறு. பலம் காலிலும் இடுப்பிலும். குடம் சுமந்தவளுக்கு இரண்டும் இல்லையா?

ஆண்கள் 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே பளு தூக்கினார்கள். பெண்களுக்கு 2000 சிட்னி வரை இடமில்லை. 104 ஆண்டுகள்! இடம் கிடைத்த அதே ஆண்டில் கர்ணம் மல்லேஸ்வரி கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130 கிலோ தூக்கி, மொத்தம் 240 கிலோவுடன் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் மீராபாய் சானு தூக்கியது 115 கிலோ. சிறுவயதில் விறகு சுமந்தவர் அவர்.

ஆடித்தபசுக்கு எங்கள் ஊர் நிரம்பி வழியும். ஒற்றைக் காலில் தவம் நிற்கும் கோமதி அம்மனைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பெண் நின்றால் தெய்வம், தாங்கினால் தெய்வம். தூக்கினால் மட்டும் திமிர்.

“ஏற்கெனவே சுமக்கிறது போதாதா?” என்று சில தோழிகளே கேட்கிறார்கள். சுமப்பதும் தூக்குவதும் ஒன்றல்ல, தோழி. மேடையில் நடுவர் சைகை காட்டியதும் எடையைக் கீழே போட்டுவிடலாம். வீட்டில் நமக்கு அந்தச் சைகையை யாரும் காட்டியதில்லை.

பள்ளிகளில் நம் பெண்களுக்குக் கம்பியைக் கொடுங்கள், முறையோடு கற்றுக்கொடுங்கள் என்று கேட்போம். எடையை எடுக்கவும் கீழே போடவும் உரிமை தனக்கே என்று ஒரு பெண்ணின் உடம்பு அறியட்டும். நான் இப்போது வெறும் கம்பியோடுதான் பழகுகிறேன். ஒவ்வொரு முறையும் நானே கீழே வைக்கிறேன்.