முதலில் என்ன கோளாறு என்று தெரியட்டும்



உங்கள் வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து வயதான கார் ஒன்று நிற்கிறதா? லோன் கட்டி முடித்துப் பல வருடம் ஆகியிருக்கும். பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டது, பாட்டியை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது, கல்யாணப் பத்திரிகை வைக்க ஊர் ஊராகச் சுற்றியது எல்லாம் அதில்தான். ஆல்ட்டோவோ, வேகன் ஆரோ, நம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோவோ, எதுவாக இருந்தாலும் இப்போது அடிக்கடி ஷெட்டுக்குப் போகிறது. "பேசாமல் தள்ளிவிட்டுப் புதுசு எடுத்துடலாமா?" என்ற பேச்சும் வீட்டில் எழுகிறது.

எடுக்கலாம். ஆனால் ஏழு வருட இ.எம்.ஐ. எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. 15 வருடம் முடிந்தாலும், வண்டி நல்ல நிலையில் இருந்தால் எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டத் தமிழ்நாட்டில் வழி இருக்கிறது. அதனால் பழைய காரை வைத்துச் சமாளிப்பது எப்படி என்பது நம்மில் பலருக்கு மாதச் செலவுக் கணக்கோடு சேர்ந்த கேள்வி.

இதில் நான் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய காரில் நம் பணம் அதிகம் கரைவது ஊகத்தில்தான். "சென்சாரா இருக்கும் சார்" என்று ஒன்றை மாற்றுவார்கள், சரியாகாது. அடுத்து காயில், அதற்கடுத்து ஃப்யூயல் பம்ப். கடைசியில் பார்த்தால் இன்ஜெக்டர் வயரை எலி கடித்து வைத்திருக்கும். இந்தக் கதை உங்கள் தெருவிலேயே நடந்திருக்கும், இல்லையா?

இதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்பேர்ஸுக்குக் கொடுக்கிறோம், அதை மாட்டும் லேபருக்குக் கொடுக்கிறோம். ஆனால் ஒருவர் முழுசாக ஒரு மணி நேரம் குனிந்து தேடி, கழன்று கிடந்த ஒரு ரப்பர் ஹோஸைத் திரும்பச் சொருகிவிட்டு 500 ரூபாய் கேட்டால், "ஒண்ணுமே மாத்தலையே, இதுக்கா 500?" என்கிறோம். மருந்தே எழுதாமல் அனுப்பும் டாக்டரிடம் அப்படிக் கேட்போமா? கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. அதற்குக் கூலி கிடையாது என்றால், தேடுவதைவிட மாற்றிப் பார்ப்பது சுலபம் என்று எவருக்கும் தோன்றத்தான் செய்யும்.

அந்தக் கண்டுபிடிப்பில் பாதி நம் கையில்தான் இருக்கிறது. அந்தக் காரோடு தினமும் பழகுவது நாம்தானே?

"ஸ்டார்ட் ஆகல" என்று போன் செய்தால் மெக்கானிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. சாவியைத் திருப்பும்போது வெறும் டிக் டிக் சத்தம் வந்து, டாஷ்போர்டு விளக்கும் மங்குகிறதா? பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். விளக்கு பளிச்சென்று இருந்து, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டார் மீது சந்தேகப்படலாம். என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை, இல்லாவிட்டால் ஸ்பார்க் வரவில்லை. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பின் சீட்டுப் பக்கம் ஓரிரு விநாடி மெல்லிய 'ம்ம்ம்' சத்தம் கேட்க வேண்டும். அதுதான் ஃப்யூயல் பம்ப். கேட்கவில்லையா? பம்பை மாற்றுவதற்கு முன் அதன் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபியூஸ் சில ரூபாயில் முடிகிற சமாசாரம்.

பேட்டரி விஷயத்தில் ஊகத்துக்கு இடமே இல்லை. சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்ட்டிமீட்டர் கிடைக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நன்றாக சார்ஜ் ஆகியிருக்கிறது. என்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டரும் வேலை செய்கிறது. ஓடும்போதும் 12-லேயே நின்றால், புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் ஓரிரு நாளில் அதுவும் படுத்துவிடும்.

அடுத்து, 'மிஸ் ஆகுது' என்ற புகார். 796 சிசி மூன்று சிலிண்டர் கார் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று தெரியும். ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடுகிறது, வண்டியே கிடுகிடுவென்று ஆடும். காரணம் பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு என்று எதுவாகவும் இருக்கலாம். ஆனால் காசே செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் உள்ள என்ஜினில், மிஸ் ஆகும் சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பார்ப்பது. கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் காயில் நல்லதுதான், அடுத்ததைப் பார்க்கலாம். பிளக்கைக் கழற்றும்போது அதன் நுனியை நீங்களும் பாருங்கள். இளம் பழுப்பு நிறமென்றால் எரிப்பு சரியாக நடக்கிறது. கரிப்புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் உள்ளே இறங்குகிறது. ஒரு சின்ன பிளக் இவ்வளவு சொல்லும்போது, அதைப் பார்க்காமல் ஏன் பெரிய பாகத்துக்குத் தாவ வேண்டும்?

செக் என்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேன் போடச் சொல்லுங்கள், நல்லதுதான். ஸ்கேனரில் வந்த எரர் கோடை அழிப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: எந்த பாகம் போயிருக்கிறது என்று கோடு சொல்வதில்லை. எந்தக் கணக்கு இடிக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. உதாரணத்துக்கு பி0171 என்று வந்தால், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்று அர்த்தம். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. வெடித்துப்போன ஒரு வேக்யூம் ஹோஸ் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே புகுந்தாலும் இதே கோடுதான் வரும். பத்து வருட ரப்பர் நம் வெயிலில் வெடிக்காமல் என்ன செய்யும்? அந்த விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம், என்ஜின் மிஸ் ஆகிறது. எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், விலை அதிகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும்.

இப்போது, நம் ஊரில் பழைய கார்களை அதிகம் வீழ்த்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஹீட்.

வண்டி எங்கே சூடாகிறது என்பதை வைத்தே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடலாம். டிராஃபிக்கில் நிற்கும்போது முள் ஏறி, ரோட்டில் ஓடும்போது இறங்கினால், ரேடியேட்டர் ஃபேன் சரியாகச் சுற்றவில்லை என்று சந்தேகப்படலாம். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். பானெட்டைத் திறந்துவைத்து ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதற்கு மாறாக பைபாஸில் வேகமாகப் போகும்போதுதான் ஏறுகிறது என்றால், தண்ணீர் ஓட்டத்தில் தடை இருக்கும். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம்.

தெர்மோஸ்டாட் என்றதும் சொல்லியே ஆக வேண்டும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். என்ஜினுக்குத் தேவை குளிர்ச்சி இல்லை, அளவான சூடு. 80, 90 டிகிரிக்கு அது வேகமாக வந்து அங்கேயே நிற்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் என்ஜின் சூடேற நேரமாகும். இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் ஊற்றும். மைலேஜ் குறையும், ஆயிலும் சீக்கிரம் கெடும். புது தெர்மோஸ்டாட் பெரும்பாலான சின்ன கார்களுக்கு அப்படியொன்றும் பெரிய விலை இல்லை.

அதேபோல் ரேடியேட்டரில் போர்த் தண்ணீர். நம் ஊர்களில் போர்த் தண்ணீரை வாளியில் வைத்தாலே உப்பு படிகிறதே, அந்த உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்தால் என்ன ஆகும்? கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுங்கள். அல்லது ரெடிமேடாகக் கலந்து விற்பதையே வாங்குங்கள்.

முள் சிவப்பைத் தொட்டுவிட்டால்? ஏ.சி.யை நிறுத்தி, ஓரம்கட்டி, என்ஜினை அணைத்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான், வீட்டுக்குப் போயிடலாம்" என்ற எண்ணம்தான் அலுமினிய சிலிண்டர் ஹெட்டை வளைத்து, அதன் கேஸ்கட்டைப் பழுதாக்குகிறது. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய ஹோஸ் லீக், பல ஆயிரம் ரூபாய் ஹெட் வேலையாக மாறுவது அந்த இரண்டு கிலோமீட்டரில்தான். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும், புதிதாக லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகளுக்கும் சேர்த்து, இதைச் சொல்லிவையுங்கள்.

தரையில் சொட்டு ஈரம்கூட இல்லாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே போகிறதா? ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். மோர் போல வெளுத்த பசை இருந்தால் கூலன்ட் ஆயிலோடு கலந்திருக்கலாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் மழைக்காலத்தில் கொஞ்சம் ஈரம் படிவதும் உண்டு. அதனால் டிப் ஸ்டிக்கிலும் ஆயில் வெளுத்திருக்கிறதா, ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கேஸ்கட் என்று முடிவுக்கு வரச் சொல்லுங்கள்.

புகை விஷயத்திலும் இந்தப் பொறுமை பல ஆயிரத்தை மிச்சப்படுத்தும். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சூடேறிய பிறகும் வெள்ளையாகக் கொட்டினால் கூலன்ட். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. நீலத்தைப் பார்த்ததும் "பிஸ்டன் ரிங் போயிடுச்சு, என்ஜின் இறக்கணும்" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குபீர் புகை வந்து, பிறகு நின்றுவிடுகிறதா? அது வால்வ் சீல் கசிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பல என்ஜின்களில் ஹெட்டைக்கூட இறக்காமல் அதை மாற்ற முடியும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் விடாமல் வருகிறது என்றால்தான் ரிங் மீது சந்தேகம் வர வேண்டும். அப்போதும்கூட, என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன பாகம்தான், ஆனால் அது அடைத்துக்கொண்டாலும் ஆயில் குடிக்கும்.

டைமிங் பெல்ட் பற்றி ஒரு வார்த்தை. மாருதி 800, பழைய ஆல்ட்டோ, சான்ட்ரோ எல்லாம் பெல்ட் வண்டிகள். பின்னால் வந்த பல பெட்ரோல் கார்களில் செயின். பெல்ட் அறுவதற்கு முன் சத்தம் போட்டு எச்சரிக்காது. பல என்ஜின்களில் அது அறுந்தால் வால்வுகளும் வளைந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார், எப்போது மாற்றினார்கள் என்று ரெக்கார்டு இல்லை என்றால் ஒருமுறை மாற்றிவிடுவதே நிம்மதி.

2025-ல் நாடெங்கும் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய கார்களின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. மைலேஜ் கொஞ்சம் குறைவதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. பெட்ரோல் வாடை வருகிறதா என்பதுதான் முக்கியம். காருக்குள்ளோ, நிறுத்திய இடத்திலோ வாடை வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் "ஒருதடவை போட்டுப் பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியதால் என்ஜினை இழந்தவர்கள் உண்டு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குச் சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கஷ்டம். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டோ செய்து கொண்டுபோங்கள்.

சரி, இவ்வளவும் பார்த்த பிறகும் வண்டியை விட்டுவிடலாமா என்ற கேள்வி வந்தால்? வரும், வரட்டும். தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையானால், எவ்வளவு நல்ல என்ஜினானாலும் நான் வைத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் உட்காரும் வண்டி அது. பாடி நன்றாக இருந்து, என்ஜினைப் பற்றி மட்டும்தான் சந்தேகம் என்றால், யாருடைய வாய் வார்த்தையையும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பிளக் இருக்கும் துளையில் மீட்டரை வைத்து, செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று பார்ப்பார்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாக, கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் இருந்தால் உங்கள் என்ஜினில் இன்னும் உயிர் இருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது, கூடாவிட்டால் வால்வு பக்கம். அந்த எண்களைத் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டு, பார்த்துக் கொடுத்தவருக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுத்துவிட்டு, வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து விற்பதா வைத்துக்கொள்வதா என்று பேசுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்