வகுப்பறைக்குப் போகும் முன் ஆலைக்கு

குமரி மாவட்டத்தில் பி.இ. முடித்த பெண்ணோ பையனோ எம்.இ. சேரப் போவதாகச் சொன்னால், வீட்டார் மனதில் முதலில் வருவது கல்லூரி வேலைதான். அது நியாயமான கணக்கு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) விதிப்படி பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர பி.இ., எம்.இ. இரண்டும் வேண்டும், ஏதேனும் ஒன்றில் முதல் வகுப்பு வேண்டும். ஆலையில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சுங்கான்கடை, குமாரகோவில், கருங்கல், மஞ்சாலுமூடு என்று மார்த்தாண்டத்தைச் சுற்றிக் கல்லூரிகள் பெருகிய காலத்தில் இந்தத் தகுதிக்காகவே பலர் எம்.இ. படித்தார்கள். ஆறு ஆண்டுகள் வகுப்பறையில் மாணவராக இருந்தவர், அடுத்த ஆண்டே அதே போன்றதொரு வகுப்பறையில் அறுபது பேருக்குப் பாடம் எடுக்கிறார். இன்டர்ன்ஷிப் என்றாலே பி.இ. மாணவருக்கு வேலை கிடைக்க அது உதவுமா என்றுதான் நாம் பேசுகிறோம். எம்.இ. மாணவருக்குத்தான் அது கூடுதலாகத் தேவை என்பது என் கருத்து. பி.இ. மாணவர் ஆலையை அறியாமல் போனால் நஷ்டம் அவருக்கு. எம்.இ. மாணவர் அறியாமல் போனால், அவர் ஓய்வு பெறும்வரை அந்த நஷ்டம் ஆண்டுக்கொரு வகுப்புக்குப் போய்ச் சேரும்.

எம்.இ. இரண்டாம் ஆண்டு பெரும்பாலும் ப்ராஜெக்டுக்கு உரியது. மூன்றாம் செமஸ்டரில் முதல் கட்டம், நான்காவதில் இரண்டாம் கட்டம். அந்த ஒரு வருடம் எப்படிக் கழிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எந்திரவியலில் பலர் விரும்பி எடுக்கும் தலைப்பு, அதிர்வை அளந்து பேரிங் பழுதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. அதற்கு உலகமெங்கும் பயன்படுத்தும் தரவு, அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்டது. இரண்டு குதிரைத்திறன் மோட்டார் ஒன்றின் பேரிங்கில் வேண்டுமென்றே சிறு பள்ளம் உண்டாக்கி, ஏறத்தாழ மாறாத வேகத்தில் ஓடவிட்டு எடுத்த பதிவு அது. அந்தத் தரவை வைத்து 99 விழுக்காடு துல்லியம் காட்டும் கட்டுரைகள் ஏராளம். நாகர்கோவிலைத் தாண்டினால் வரும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் நிலைமை வேறு. அங்கே காற்றாலையின் இறக்கை மெதுவாகச் சுழல்கிறது. கியர்பாக்ஸ் அந்த வேகத்தை நிமிடத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சுற்றுகளாக உயர்த்தி ஜெனரேட்டருக்குத் தருகிறது. தென்மேற்குப் பருவக் காற்று நொடிக்கு நொடி மாறும்போது பேரிங் மீது விழும் சுமையும் மாறுகிறது. பராமரிப்பு ஊழியர் கியர்பாக்ஸ் எண்ணெயில் மாதிரி எடுத்து, அதில் கலந்திருக்கும் இரும்புத் துகளை வைத்துத் தேய்மானத்தைக் கணிக்கிறார். அவரோடு ஒரு காற்று சீசன் முழுக்க இருந்த மாணவரிடம் 99 விழுக்காடு என்று யாராவது சொன்னால், அது எந்த வேகத்தில், எந்தச் சுமையில் என்று உடனே கேட்பார். முதுநிலைப் படிப்பு ஒருவரிடம் உண்டாக்க வேண்டிய கேள்வி அதுதான். பழைய காற்றாலைகளை மாற்றுவது, அவற்றின் ஆயுளை நீட்டிப்பது குறித்துத் தமிழ்நாடு அரசு 2024இல் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. எந்தக் கோபுரத்தை வைத்துக்கொள்ளலாம், எதை இறக்க வேண்டும் என்று கணக்கிட ஆள் வேண்டும்.

முதுநிலைப் படிப்பு ஆராய்ச்சிக்கானது, ஆலைக்கு அனுப்பினால் மலிவுக் கூலியாக்கி விடுவார்கள் என்று சில பேராசிரியர்கள் தயங்குகிறார்கள். அந்தப் பயம் வீண் அல்ல. மூன்று மாதம் ஃபைல் அடுக்க வைத்துவிட்டுச் சான்றிதழ் தரும் இடங்களும் இருக்கின்றன. போகாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கும் வழக்கமும் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து இன்டர்ன்ஷிப்பை நிறுத்துவதல்ல, அதை ப்ராஜெக்டோடு சேர்த்துக் கட்டுவது. ஆலையில் பார்த்த ஒரு பழுதே ப்ராஜெக்டின் தலைப்பாக வேண்டும். ஆலைப் பொறியாளர் இணை வழிகாட்டியாக இருந்து வைவாவில் கேள்வி கேட்க வேண்டும். அப்போது போலிச் சான்றிதழ் செல்லாது, ஃபைல் அடுக்கியவருக்கு எழுத ஒன்றும் இருக்காது. ஆராய்ச்சியும் கெடாது, உண்மையான சிக்கலில் காலூன்றித் தொடங்கும்.

குமரியில் ஆலை எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. சென்னை, கோவை, ஓசூர் போல இங்கே இல்லை என்பது உண்மை. ஆனால் பக்கத்திலேயே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம், மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் கனிம மணல் ஆலை, களியக்காவிளை தாண்டினால் விழிஞ்ஞம் துறைமுகமும் திருவனந்தபுரத்து விண்வெளி மையங்களும் இருக்கின்றன. பாதுகாப்புக் காரணத்தால் எல்லாரையும் உள்ளே விட மாட்டார்கள். அங்கே இடம் கிடைப்பது சிலருக்குத்தான். மற்றவர்கள் அருகில் இருப்பதைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் ரப்பர் ஷீட் உலராமல் பூஞ்சை பிடிப்பதும், புகைக்கூடத்தில் விறகு வீணாவதும் வெப்பவியல் மாணவருக்கு முழு ப்ராஜெக்ட். மார்த்தாண்டத்தில் 2018இல் திறந்த இரும்பு மேம்பாலமும் கடலோர ஈரக்காற்றும் கட்டமைப்புப் பொறியியலுக்கு அப்படித்தான். பெரிய நிறுவனத்தின் பெயருக்காகக் காத்திருந்து ஒரு வருடத்தை வீணாக்குவதைவிட இது மேல்.

பணம்தான் உண்மையான தடை. கேட் தேர்வில் தகுதி பெற்றுச் சேருபவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 2023 முதல் நடக்கும் தமிழ்நாட்டின் சீட்டா நுழைவுத் தேர்வு எழுதிச் சேருபவருக்கு அது இல்லை. ஆரல்வாய்மொழியிலோ கூடங்குளத்திலோ அறை எடுத்துத் தங்க அவர் வீட்டில் கேட்க வேண்டும். பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024இல் தொடங்கியபோது முழுநேரம் படிப்பவருக்கு அதில் இடம் தரவில்லை. ஆனால் பட்டம் முடித்த தொழில் பழகுநருக்கு 2019 விதி குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தது, குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. அதே ஏற்பாட்டை எம்.இ. நான்காம் செமஸ்டருக்கும் நீட்டினால் பெரிய செலவாகாது. எம்.இ. இடங்கள் பல கல்லூரிகளில் காலியாகக் கிடக்கும் நேரத்தில், சேருகிற சிலரையாவது நன்றாகத் தயார்ப்படுத்துவது அரசுக்கும் கல்லூரிகளுக்கும் கடமை.

இந்த ஆண்டு சேரப் போகிறவர்கள் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், துறைத் தலைவரிடம் ஒன்று கேளுங்கள்: சென்ற ஆண்டு மாணவர்கள் ப்ராஜெக்டின் இரண்டாம் கட்டத்தை எந்த ஆலையில், எந்தக் களத்தில் செய்தார்கள்? இடத்தின் பெயரைச் சொல்ல முடியாத கல்லூரியில் உங்கள் இரண்டு வருடத்தைக் கொடுக்காதீர்கள்.