வலியில் துடிக்கும் குதிரையை விடிய விடிய நடத்தலாமா?

“குதிரைக்கு வயிறு வலித்தால் படுக்க விடாதே, நடத்திக்கொண்டே இரு. வாயில் எண்ணெய் ஊற்று. விடிவதற்குள் சரியாகிவிடும்.” குதிரை வளர்க்கும் இடமெல்லாம் கேட்கும் பேச்சு இது. இலேசான வலி தானாகவே தணிவதுண்டு. அந்தப் பெருமை நடைக்கும் எண்ணெய்க்கும் போய்ச் சேர்கிறது. குடல் முறுக்கிக்கொண்ட குதிரைக்கோ அந்த ஓர் இரவுதான் கெடு.

படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று பயந்துதான் நடத்துகிறார்கள். பெரும்பாலும் குடல் ஏற்கெனவே இடம் மாறியிருக்கும். அந்த வலியில்தான் குதிரை புரளுகிறது. கால் மணி நேரம் மெல்ல நடத்தலாம், வாயு பிரியக்கூடும். அதற்கு மேல் நடத்தினால் ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பு இன்னும் தளரும். அமைதியாகப் படுத்திருந்தால் படுத்திருக்கட்டும். சுவரில் மோதிக்கொள்ளும் அளவுக்குப் புரண்டால் மட்டும் எழுப்பித் திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள்.

எண்ணெய் விஷயம்தான் மிக ஆபத்தானது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாய் அவ்வளவு இறுக்கமானது. அந்த இரைப்பை கொள்வதும் 8 முதல் 15 லிட்டர்தான். குடலில் அடைப்பு இருந்தால் நீர் மேலேறி இரைப்பையில் தேங்கும். நிரம்பினால் கிழிந்தே போகும். அதில் போய் இன்னும் ஊற்றுவதா? தலையைத் தூக்கிப் பிடித்து பாட்டிலால் ஊற்றும்போது எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவும் வரும். மருத்துவர் எண்ணெய் கொடுப்பதும் உண்மைதான். ஆனால் அவர் மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் செலுத்தி, தேங்கியதை முதலில் வெளியேற்றிப் பார்த்த பிறகே கொடுக்கிறார்.

மிச்சம் இருக்கும் வலி ஊசியைப் போட்டு விடியலுக்குக் காத்திருப்பதும் தவறு. வலி அடங்கும், முறுக்கு அவிழாது. மருத்துவர் வரும்போது நோயின் தடயமும் மங்கியிருக்கும்.

கொட்டகையில் முதலுதவிப் பெட்டி வைக்கச் சொன்னால், “அதெல்லாம் பந்தயக் குதிரைகளுக்கு” என்கிறார்கள். மெரினாவில் ஒற்றைக் குதிரையை வைத்துப் பிழைப்பவருக்குத்தான் அது இன்னும் அவசியம். வெப்பமானியும் கடிகாரமும் போதும், தொடங்கிவிடலாம். கீழ்த்தாடை எலும்பின் ஓரத்தில் விரலை வைத்தால் நாடி தட்டுப்படும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44 வரை இயல்பு. 60-ஐத் தாண்டினால் நிலைமை மோசம். உடல் வெப்பம் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கலாம். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடியில் நிறம் திரும்பவேண்டும். நல்ல நாளிலேயே இவற்றைப் பார்த்து எழுதிவைத்தால்தான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.

வலி தெரிந்ததும் தீவனத்தை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நாடி, வெப்பம், ஈறின் நிறம், கடைசியாக லத்தி போட்ட நேரம், கொடுத்த மருந்து ஆகியவற்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 இருக்கிறது. அதோடு, இரவில் பேசக்கூடிய ஒரு மருத்துவரின் எண்ணையும், குதிரையை ஏற்றத்தக்க வண்டிக்காரரின் எண்ணையும் இன்றே கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.