ஒரு திருத்தம்: பிப்ரவரியில் நான் வாங்கச் சொன்ன பெட்டியைப் பற்றி



கொஞ்சம் நீளமான பதிவு. மேலே நாலு வரி படித்துவிட்டு லைக் போட்டுப் போகிறவர்கள் இந்த ஒருமுறை முழுசாகப் படியுங்கள். உங்களில் சிலருடைய பணம் இதில் இருக்கிறது.

பிப்ரவரியில் இதே பக்கத்தில் ஒரு பதிவு போட்டேன். ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்பதற்கென்று 46,000 ரூபாய்க்கு ஒரு பெட்டி வாங்கியதாகவும், முதல் ராத்திரி டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டபோது இத்தனை வருஷம் காதில் விழாத நுணுக்கமெல்லாம் விழுந்ததாகவும் எழுதினேன். "முடிந்தவர்கள் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள்" என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரியை நம்பி மூன்று பேர் வாங்கிவிட்டார்கள். இரண்டு பேர் என் பழைய மாணவர்கள், கையில் காசு இருப்பவர்கள். மூன்றாவது ஆள் என் சின்ன நாத்தனார் மகன். வேலைக்குச் சேர்ந்தே ஒரு வருஷம் ஆகவில்லை, பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்கியிருக்கிறான். தவணை விஷயம் எனக்குப் போன வாரம்தான் தெரியும்.

நான் எழுதியது தப்பு. பெட்டி கெட்ட பெட்டி இல்லை, அதனால் கம்பெனி பெயரை மறுபடி இழுக்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்தியவள், அளந்து பார்க்காமல் முடிவு சொல்லிவிட்டேன். செய்முறை வகுப்பில் நீங்கள் இப்படிச் செய்திருந்தால் ரெக்கார்டு நோட்டைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

விஷயம் தெரியாத உறவுக்காரர்களுக்கு முதலில் கொஞ்சம். போனிலும் கணினியிலும் பாட்டு வெறும் எண்களாக இருக்கிறது. அந்த எண்களை மின்னழுத்தமாக மாற்றுவது டிஏசி. அந்த மின்னழுத்தத்துக்கு ஹெட்ஃபோனை ஓட்டும் அளவுக்குத் தெம்பு கொடுப்பது ஆம்ப். இரண்டும் உங்கள் போனுக்குள்ளோ, போனில் மாட்டும் குட்டி ஒயருக்குள்ளோ ஏற்கெனவே இருக்கிறது. மேசையில் வைக்கும் பெட்டி அதே வேலையைத் தனியாக, பெரிதாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

இங்கே இன்னொரு பழைய தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். டிஜிட்டல் ஒலி என்றால் படிக்கட்டு மாதிரி இருக்கும் என்று கரும்பலகையில் வளைகோடு வரைந்து, அதன் மேல் படி படியாகக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். உங்களில் பலர் அதை அப்படியே பரீட்சையிலும் வரைந்தீர்கள், மார்க்கும் போட்டேன். படம் பாதிதான் சரி. சிடியில் விநாடிக்கு 44,100 முறை அளவெடுக்கிறார்கள், ஒவ்வொரு அளவுக்கும் 16 பிட். டிஏசியில் இருக்கும் வடிகட்டி அந்தப் படிகளை வழித்துவிடும், வெளியே வருவது வழுவழுப்பான வளைகோடுதான். அளவெடுக்கும் வேகம் ஒலியின் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் எதுவும் தொலைந்துபோகாது என்று நைக்விஸ்ட், ஷானன் காலத்திலேயே கணக்குப் போட்டாயிற்று. மனிதக் காதுக்கு எல்லை 20,000 ஹெர்ட்ஸ், அதற்கு 44,100 போதும். விளம்பரத்தில் அதே படிக்கட்டுப் படத்தைப் போட்டு, "எங்கள் பெட்டியில் படி சின்னது" என்று 192, 384 என்று எண்ணை ஏற்றி விற்கிறார்கள். நான் வரைந்த படத்தைக் காட்டி எனக்கே விற்றுவிட்டார்கள்.

சரி, எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். திருச்சியில் இருக்கும் மாணவன் ஒருவன் பதிவைப் படித்துவிட்டு, "டீச்சர், ஒலியளவைச் சமமா வெச்சுப் பார்த்தீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். பார்க்கவில்லை. அவன் ஊருக்கு வந்தபோது தன் ஃபியோ கே11 பெட்டியையும், ஆப்பிள் விற்கிற அந்தக் குட்டி ஒயர் டாங்கிளையும் கொண்டுவந்தான். டாங்கிள் சுமார் ஆயிரம் ரூபாய், என் பெட்டி 46,000.

என் ஹெட்ஃபோன் சென்ஹைசர் ஹெச்டி 600. மஸ்கட்டில் இருக்கும் மாணவி ஒருத்தி கொண்டுவந்து கொடுத்தது, 300 ஓம். முதலில் டாங்கிளையும் என் பெட்டியையும் காதால் கேட்டே சமமாக வைத்தேன். "சமம்" என்று சொன்னேன். அவன் 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு மல்டிமீட்டரை வைத்தான். (சாதா மல்டிமீட்டர் மேல் அதிர்வெண்ணில் தடுமாறும், அதனால் 100.) டாங்கிளில் 0.7 வோல்ட், என் பெட்டியில் 0.8 வோல்ட். டெசிபெலில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவு சின்ன வித்தியாசத்தைக் காது "சத்தம் கூட" என்று சொல்லாது. "தெளிவு கூட, உயிர் கூட" என்று சொல்லும். அதைத்தான் பிப்ரவரியில் உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

இரண்டையும் 0.7க்குக் கொண்டுவந்தோம். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவன் ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டிப் பார்த்து, மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பின்னைக் கழற்றி மாட்டினான், சத்தத்தை வைத்து நான் கண்டுபிடிக்கக் கூடாது என்று. தோடி, ஒரு வயலின் கச்சேரி, இரண்டு இளையராஜா பாட்டு. இருபது தடவை. பதினொன்று சரி. கே11க்கும் என் பெட்டிக்கும் இன்னொரு இருபது. அதில் ஒன்பது. இருபதில் பதினைந்து வந்திருந்தால் யோசித்திருப்பேன். பதினொன்றும் ஒன்பதும் பூவா தலையா கணக்குதான்.

"வயசாயிடுச்சு டீச்சர், உங்க காது அப்படி" என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான். போனில் ஒலியை ஏற்றிக்கொண்டே போனால் 9,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேத்தி 16,000 தாண்டியும் "கேக்குது பாட்டி, நிறுத்துங்க" என்று காதைப் பொத்திக்கொண்டாள். அவளையும் உட்காரவைத்துப் பார்த்தோம். இருபதில் பத்து. அதோடு சலித்துப்போய் விளையாடப் போய்விட்டாள்.

யோசித்தால் ஆச்சரியமே இல்லை. தோடி இசைத்தட்டுக் காலத்தது. தட்டின் இரைச்சலே நாதஸ்வரத்துக்குப் பின்னால் மழை மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறது. நம் வீட்டு கேசட்டுகளில் மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் இடைவெளி 60 டெசிபெல் இருந்தால் பெரிசு. சிடிக்கு 96. என் பெட்டியின் அட்டையில் 120க்கு மேல் போட்டிருக்கிறது. அந்தப் பழைய இரைச்சலை மிகமிகத் துல்லியமாகக் கேட்க நான் 46,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

இதெல்லாம் புதிதாக யாரும் கண்டுபிடித்ததும் இல்லை. 2011இல் என்டபிள்யூஅவ்கை என்ற புனைபெயரில் ஒரு பொறியாளர், ஓ2 என்று ஒரு ஹெட்ஃபோன் ஆம்பின் முழு வரைபடத்தையும் இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில்கூட ஓடும். பல மடங்கு விலையுள்ள ஆம்புகளுக்குச் சமமாக அளவுகள் வருவதைப் படம் போட்டுக் காட்டினார். அவர் யார் என்று வெளியே சொல்லவே இல்லை. 2012இல் எழுதுவதை நிறுத்தினார், அத்தோடு ஆளையே காணோம். எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை. இந்தத் துறையில் பெயர் போட்டுக்கொள்ளாமல் உபகாரம் செய்தவர்கள் எத்தனை பேர்?

அதே 2012இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி 99 டாலருக்கு ஒரு ஆம்பும், இன்னொரு 99 டாலருக்கு ஒரு டிஏசியும் கொண்டுவந்தது. கம்பெனி பெயர் ஆங்கிலக் கெட்ட வார்த்தை மாதிரி ஒலிக்கும், இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது, தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆம்பின் பெயர் மேக்னி, டிஏசியின் பெயர் மோடி. அரசியல் இல்லை, இரண்டும் நார்ஸ் புராணத்தில் வரும் தோர் கடவுளின் பிள்ளைகள் பெயர். கீழே வந்து சண்டை போடாதீர்கள். 2018இல் ஜேடிஎஸ் லேப்ஸின் ஆட்டம் ஆம்ப், அதுவும் 99 டாலர். பிறகு சீனத்துப் பெட்டிகள் வந்தன. ஃபியோ கே11இல் டிஏசி, ஆம்ப் இரண்டும் ஒரே டப்பாவில், சுமார் 130 டாலருக்கு வெளியானது. அதற்கு அண்ணன் கே7, 200 டாலர். வரியும் கூரியரும் சேர்ந்தால் இங்கே கூடத்தான் வரும்.

கே7க்கும் கே11க்கும் எது நல்லது என்று மெசஞ்சரில் கேட்டிருக்கிறீர்கள். கே7க்குச் சக்தி அதிகம்: 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு பேலன்ஸ்டு துளையில் 2,000 மில்லிவாட், கே11க்கு 1,400. இரண்டுமே உங்களுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு. இதற்காக மேலே காசு போடாதீர்கள். எனக்குக் கே11 பிடித்ததற்குக் காரணம் வேறு. இடத்தை அடைக்காது, ஒலியளவு எண்ணாகத் திரையில் தெரிகிறது, கண்ணாடி போடாமலே படிக்க முடிகிறது.

அப்படியானால் ஆம்பே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. சாயந்தரம் ஒரு பழைய கோயில் கச்சேரிப் பதிவை வைத்தோம், ரொம்பத் தாழ்வாகப் பதிந்தது. டாங்கிளை முழுசாக ஏற்றியும் 300 ஓம் ஹெட்ஃபோனில் போதவில்லை. கே11இல் பாதிகூடத் திருப்பவில்லை, கணீரென்று வந்தது. கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்: மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஓமால் வகுங்கள். டாங்கிள் தருவது சுமார் 1 வோல்ட். 300 ஓமுக்கு 3.3 மில்லிவாட். அதே 1 வோல்ட் 32 ஓமுக்கு 31 மில்லிவாட். ஆகவே உங்கள் ஹெட்ஃபோன் அட்டையில் ஓம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ஆடியோ டெக்னிக்கா எம்40எக்ஸ் 35 ஓம், சோனி எம்டிஆர்-7506 63 ஓம், இதற்கெல்லாம் பெட்டி தேவையில்லை. பேயர்டைனமிக் டிடி 770 ஒரே பெயரில் 80 ஓமிலும் 250 ஓமிலும் வருகிறது, 250 வைத்திருப்பவர் ஆம்ப் வாங்குவதில் நியாயம் உண்டு. ஓம் மட்டும் போதாது, உணர்திறனும் சேர்ந்ததுதான் என்று முன் பெஞ்சுக்காரர்கள் எழுதுவீர்கள். சரிதான், அதையும் அட்டையில் பாருங்கள்.

இன்னொரு நியாயமான காரணம் இரைச்சல். என் பழைய மேசைக் கணினியின் முன்பக்கத் துளையில் ஹெட்ஃபோனை மாட்டினால் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கிர்ர் என்று கேட்கும். யூஎஸ்பியில் டாங்கிளை மாட்டியதும் போய்விட்டது. லேப்டாப்பில் "ம்ம்" என்று உறுமல் வந்தால், சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கோளாறு எர்த்தில். நம் வீடுகளில் மூன்றாவது துளை பல இடத்தில் சும்மா அழகுக்குத்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், டிஏசியை மாற்றிப் பயனில்லை. டாங்கிளில் ஒரு குறையும் சொல்ல வேண்டும்: சில ஆண்ட்ராய்டு போன்களில் அது முழு ஒலியளவுக்குப் போகாது. வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். 1 மில்லிவாட்டில் 100 டெசிபெல் தரும் ஹெட்ஃபோன் சர்வசாதாரணம். அதற்கு 1,000 மில்லிவாட் போனால் 130 டெசிபெல். வாரத்துக்கு 80 டெசிபெல் என்றால் 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேசைப் பெட்டியில் ஒலியளவுத் திருகை முழுசாக வைத்துவிட்டுப் போகாதீர்கள். பிள்ளை வந்து மாட்டும்.

கையில் 20,000 இருந்தால் ஹெட்ஃபோனில் போடுங்கள், அங்கே வித்தியாசத்தை முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லலாம். டாங்கிளில் ஆரம்பியுங்கள். சத்தம் போதவில்லை என்றால் மட்டும் அந்த 100, 130 டாலர் வகைப் பெட்டி. அதற்கு மேல் போவது அழகுக்கும் ஆசைக்கும். ஆசைக்கு வாங்கினால் ஆசைக்கு என்று தெரிந்து வாங்குங்கள்.

நாத்தனார் மகனுக்கு நேற்று போன் செய்தேன். "அத்தை, எனக்கு நல்லாத்தான் கேக்குது, விடுங்க" என்றான். நல்லாத்தான் கேட்கும், ஆயிரம் ரூபாயிலும் அப்படித்தான் கேட்டிருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க எழுதினதாலதான் வாங்கினேன், கடைக்காரன் சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்" என்றான். அவனுக்கு இன்னும் ஆறு தவணை பாக்கி. என் பெட்டியை விற்கப் போடுகிறேன், வருகிற பணம் அந்தத் தவணைக்குப் போகும். வேண்டாம் என்று அவன் அம்மா என்னோடு சண்டை போடுகிறாள். நாத்தனாரே, இதைப் படிக்கிறாய் என்று தெரியும், முடிவு எடுத்தாயிற்று.

வாங்கிய மற்ற இரண்டு பேரும் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். காலை பத்து மணிக்கு. கே11 இன்னும் இங்கேதான் இருக்கிறது, மல்டிமீட்டரும் இருக்கிறது. உங்கள் ஹெட்ஃபோனை நீங்களே கொண்டுவாருங்கள், காசு நான் சுண்டுகிறேன்.